மயிலாடும்பாறையின் கரித்துண்டு: கார்பன் காலக்கணிப்பு எப்படி வேலை செய்கிறது?

2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் எடுத்த மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது, தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்பதுதான் அது. அன்றிலிருந்து எங்கள் பக்கம் அந்த எண்ணைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை மனப்பாடமே செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் "கார்பன் டேட்டிங் பண்ணினாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கி.மு. 2172 என்பது இரும்பின் வயது அல்ல. இரும்பு கிடந்த மண்ணடுக்கில் இருந்த கரியின் வயது. கரிக்கு வயது பார்த்தார்கள், கரியோடு கிடந்த இரும்புக்கும் அதே காலம் என்று சொன்னார்கள். இந்த இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவதை ஆய்வுக்கூடம் செய்கிறது, இரண்டாவதைக் குழிக்குள் குனிந்து மண்ணைச் சுரண்டுகிற தொல்லியலாளர் செய்கிறார். பத்திரிகைகளில் முதல் வேலைதான் பெரிதாக வருகிறது. என்னைக் கேட்டால், ஒரு காலக்கணிப்பு நிற்பதும் விழுவதும் இரண்டாவது வேலையில்தான்.

மயிலாடும்பாறை பர்கூர் வட்டத்தில், தொகரப்பள்ளிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. 2003-இல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே ஆய்வு செய்திருந்தார். 2021-இல் மாநிலத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. புதிய கற்கால மக்களின் வாழிடம், இரும்புக்கால மக்களின் ஈமச்சின்னங்கள் என்று பல காலத்துத் தடயங்களும் ஒரே இடத்தில் இருப்பதுதான் அந்த ஊரின் சிறப்பு. ஓர் ஊரில் யார் எப்போது குடியேறினார்கள், எப்போது கல் கோடாரியை விட்டு இரும்புக்கு மாறினார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்க்க இதைவிடத் தோதான இடம் அமைவது கஷ்டம்.

கரிக்குள் கடிகாரம் எப்படி வந்தது?

நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவில், விறகில், சோற்றில், எலும்பில் எல்லாம் இருப்பது கார்பன். அதில் பெரும்பகுதி கார்பன்-12. நூற்றுக்கு ஒன்று போலக் கார்பன்-13. இவை இரண்டும் அப்படியே இருக்கும், அழியாது. மூன்றாவது வகை கார்பன்-14. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அந்த நியூட்ரான் நைட்ரஜன் அணுவில் மோதினால் அது கார்பன்-14 ஆக மாறுகிறது. மேலே பிறந்த இந்தக் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிக் கீழே இறங்குகிறது. இலை அதை எடுத்துக்கொள்கிறது. இலையை ஆடு தின்கிறது, ஆட்டை மனிதன் தின்கிறான். ஆகவே உயிரோடு இருக்கும் எல்லாவற்றிலும் கார்பன்-14 கொஞ்சம் இருக்கும். கொஞ்சம் என்றால் மிக மிகக் கொஞ்சம்: சுமார் ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று.

கார்பன்-14 நிலையானது அல்ல. மெல்ல மெல்லச் சிதைந்து மறுபடி நைட்ரஜனாகிவிடும். 5,730 ஆண்டுகளில் பாதி போய்விடும். இன்னொரு 5,730 ஆண்டுகளில் மீதியில் பாதி போகும். இதைத்தான் அரை ஆயுள் என்கிறோம்.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் மதகு கசிகிறது, ஆனால் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால் மட்டம் குறையவில்லை. கால்வாய் என்று அடைபட்டதோ அன்றிலிருந்து மட்டம் இறங்க ஆரம்பிக்கும். தண்ணீர் நிறைய இருக்கும்போது வேகமாகக் கசியும், குறையக் குறையக் கசிவும் தளரும். உயிருள்ள மரமும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கார்பன்-14 சிதைந்துகொண்டே இருந்தாலும் ஒளிச்சேர்க்கை வழியாகப் புதிது வந்து சேர்கிறது. மரம் செத்த நாளில் வரத்து நிற்கிறது. அதன் பிறகு இருப்பது குறைய மட்டுமே செய்யும். எவ்வளவு மீதி இருக்கிறது என்று அளந்தால் வரத்து எப்போது நின்றது என்று கணக்குப் போடலாம். 4,100 ஆண்டுகளுக்கு முன் செத்த மரத்தின் கரியில், வெறும் அரை ஆயுள் கணக்குப்படி, ஆரம்பத்தில் இருந்ததில் நூற்றுக்குச் சுமார் 61 பங்கு மிஞ்சியிருக்கும்.

இந்த யோசனையைச் செயல்முறையாக்கியவர் வில்லார்ட் லிபி. 1940-களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். தன் முறை சரியா என்று பார்க்க, வயது ஏற்கெனவே தெரிந்த பொருட்களைத்தான் முதலில் எடுத்தார். எகிப்து அரசர் ஜோசரின் கல்லறையில் கிடைத்த மரத்துண்டு அவற்றில் ஒன்று. 1960-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் இதற்கான முதல் ஆய்வுக்கூடம் அமைந்தது. பிறகு அந்த வேலை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனது.

எதற்கு வயது பார்க்க முடியும், எதற்கு முடியாது

உயிரோடு இருந்து செத்த பொருளுக்கு மட்டும்தான் இந்த முறை பொருந்தும். கரி, விதை, மரம், எலும்பு, நத்தை ஓடு, துணி நூல் என்று எடுத்துக்கொள்ளலாம். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் மிச்சமிருக்கும் கார்பன்-14 அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

இங்கேதான் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற எங்கள் மாவட்டங்களுக்கு ஒரு சங்கடம். கண்ணுக்குத் தெரிகிற தொல்பொருள் எதுவும் நேரடியாக இந்த முறைக்குப் பிடிகொடுக்காது. மல்லச்சந்திரத்தில் பாறைமேல் வரிசையாக நிற்கும் கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களை, பார்த்திருப்பீர்கள். ஊர்ப்பக்கம் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். அந்தப் பலகைக் கல்லுக்கு வயது பார்த்தால் பாறை உருவான காலம்தான் வரும், அதை நிறுத்திய காலம் வராது. அதுவும் கார்பனால் வராது. மல்லப்பாடியில் பாறைமேல் தீட்டிய வெள்ளை ஓவியங்களில் உள்ள மண் நிறமியில் உயிர்ப்பொருள் கலந்திருந்தால் ஒழிய வழியில்லை. வழவழப்பான கற்கோடாரியும் கல்தான். பானை ஓடு சுட்ட மண். ஆகவே இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கிடக்கும் ஒரு கரித்துண்டோ, கருகிய தானியமோதான் சாட்சி சொல்ல வேண்டும்.

எலும்பு நல்ல சாட்சிதான். அதில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து அளப்பார்கள். ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் ஆயிரக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த எலும்பில் கொலாஜன் பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். எலும்பின் உருவம் இருக்கும், அளக்க வேண்டிய சத்து இருக்காது. நத்தை ஓட்டிலும் தொல்லை உண்டு. தண்ணீரில் கரைந்த பழைய சுண்ணாம்பை நத்தை ஓட்டில் சேர்த்துக்கொள்வதால் உண்மையைவிட வயது கூடுதலாகக் காட்டும்.

ஆக, மிஞ்சுவது கரியும் விதையும். இரண்டில் விதைதான் உசத்தி. காரணம் எளிது. மரத்தின் நடுப்பகுதி, அதாவது வைரம் பாய்ந்த கட்டை, பல காலம் முன்பே வளர்ந்து முடிந்தது. ஒவ்வொரு வளையமும் அது வளர்ந்த ஆண்டின் கார்பனோடு பூட்டிக்கொள்கிறது. அப்புறம் புதிது உள்ளே வராது. சாலையோரத்தில் 200 வருடமாக நிற்கும் ஒரு புளியமரத்தை இன்று வெட்டி, நடுக்கட்டையை எடுத்துக் கரியாக்கினால் அந்தக் கரி 200 வருடத்துக் கணக்கைக் காட்டும். அடுப்பு எரிந்தது இன்று, எண் சொல்வது 200 வருடம் முந்தி. இரும்பு உருக்க நல்ல வைரமுள்ள கட்டையின் கரிதான் தேவை என்பதால் உலைக்கரியில் இந்தச் சிக்கல் அதிகம் வரும். சுள்ளிக் கரி என்றால் பயம் குறைவு. கொள்ளு, பயறு, நெல் போன்றவை ஒரே பட்டத்தில் விளைந்து அறுவடையாகிற பொருள். அது கருகிக் கிடந்தால், விளைந்த ஆண்டுக்கும் கருகிய ஆண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்காது. திண்டுக்கல் மாவட்டம் பொருந்தலில் ஈமக்குழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 என்றும், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்றும் காலம் வந்தது. அந்த எண்கள் மேல் எனக்கு மதிப்பு கூடுவதற்கு இதுவே காரணம்.

குழியிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

கரித்துண்டு தென்பட்டதும் கையால் எடுக்க மாட்டார்கள். கரணை நுனியாலோ இடுக்கியாலோ எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, அப்புறம் பையில் போட்டு, குழி எண், அடுக்கு எண், மேல்மட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாம் எழுதி வைப்பார்கள். பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றக் கூடாது. பஞ்சும் காகிதமும் இன்றைய கார்பன். ஒரு நூலிழை ஒட்டினாலும் பழைய மாதிரிக்குள் புதிய கார்பன் நுழைந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை கழுவுதல். கரிக்குள் நுழைந்திருக்கும் வேர்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பொறுக்குவார்கள். பிறகு அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும். காரத்தில் ஊறவைத்தால் மண்ணில் மக்கிய இலைதழையின் சாறு போகும். மறுபடி அமிலம். கடைசியில் மிஞ்சும் சுத்தமான கரியை எரித்து, வரும் வாயுவைக் கிராஃபைட்டாக்கி அளக்கிறார்கள்.

அளப்பதில்தான் பெரிய மாற்றம் வந்தது. உயிருள்ள பொருளின் ஒரு கிராம் கார்பனில் ஏறக்குறைய 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கும். அவற்றில் ஒரு நிமிடத்துக்குச் சிதைவது சுமார் 14 மட்டும். லிபியின் காலத்து முறை இந்தச் சிதைவுகளை எண்ணுவது. அதற்குக் கிராம் கணக்கில் கார்பன் வேண்டும், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். கைப்பிடி கரி கிடைத்தால்தான் வேலை நடக்கும். 1970-களின் பிற்பகுதியில் வந்த ஏ.எம்.எஸ். முறை, சிதைவுக்காகக் காத்திருப்பதில்லை. அணுக்களை முடுக்கிவிட்டு, எடை வித்தியாசத்தை வைத்துப் பிரித்து, இருக்கிற கார்பன்-14 அணுக்களையே நேரடியாக எண்ணுகிறது. ஒரு மில்லிகிராம் அளவு கார்பன் போதும். ஒரே ஒரு கருகிய நெல்மணிக்கு வயது பார்க்க முடிகிறது என்றால் இதனால்தான். மயிலாடும்பாறை மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஏ.எம்.எஸ். முறையில் அளக்கப்பட்டவை. தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும் இப்போது இந்த வசதி இருக்கிறது.

கேழ்வரகைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் கேழ்வரகின் ஊடே அவரையும் துவரையும் போடுவது வழக்கம். ஒரே கொல்லையில், ஒரே பட்டத்தில் விளைந்த கேழ்வரகு மணியையும் அவரைக் கொட்டையையும் அளந்து, திருத்தம் எதுவும் செய்யாமல் கணக்குப் போட்டால், கேழ்வரகு சுமார் 200 ஆண்டு இளையது என்று விடை வரும். இரண்டும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தன. ஆனால் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு. கேழ்வரகு, சாமை, தினை, கம்பு, சோளம் போன்றவை கனமான கார்பனைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே சேர்த்துக்கொள்ளும். நெல்லும் அவரையும் கொள்ளும் அவ்வளவு சேர்ப்பதில்லை. கார்பன்-14 தொடக்கத்திலேயே கூடுதலாக இருப்பதால் வயது குறைவாகத் தெரிகிறது. நல்லவேளையாக, அழியாத கார்பன்-13-உம் அதோடு ஒத்துப்போய், அதில் ஏறக்குறையப் பாதி அளவுக்குக் கூடியிருக்கும். அதை அளந்து பார்த்து, எவ்வளவு கூடியது என்று தெரிந்துகொண்டு கழித்துவிடுகிறார்கள். எல்லா நல்ல ஆய்வுக்கூடங்களும் இந்தத் திருத்தத்தைச் செய்துதான் விடை தருகின்றன. சிறுதானியமே முக்கிய உணவாக இருந்த ஒரு நிலத்தில் ஆய்வறிக்கை படிப்பவர்கள் இந்தக் கார்பன்-13 எண் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எண் எப்படி ஆண்டாகிறது

ஆய்வுக்கூடம் முதலில் தருவது கி.மு., கி.பி. ஆண்டு அல்ல. "இன்றைக்கு இத்தனை ஆண்டு முன்" என்று ஓர் எண்ணைத் தரும், அதன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டு ஒரு சிறிய எண் இருக்கும். இந்த "இன்று" என்பது நாம் இருக்கும் ஆண்டு இல்லை, 1950. உலகம் முழுக்க ஒரே தொடக்கப் புள்ளியாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐக் கொட்டின. 1963 வாக்கில் வட அரைக்கோளத்தின் காற்றில் அதன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. இன்னொரு வழக்கமும் உண்டு. இந்த முதல் எண்ணைக் கணக்கிடும்போது இன்றும் லிபியின் பழைய அரை ஆயுளான 5,568-ஐத்தான் பயன்படுத்துகிறார்கள். சரியான மதிப்பு 5,730 என்று தெரிந்த பிறகும் மாற்றாததற்குக் காரணம், பழைய அறிக்கைகளும் புதிய அறிக்கைகளும் ஒன்றோடொன்று ஒப்பிடும்படி இருக்க வேண்டும் என்பதுதான். அடுத்து வரும் அளவீட்டுத் திருத்தத்தில் அந்த வித்தியாசம் தானே சரியாகிவிடும்.

அது என்ன திருத்தம்? காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்தது என்று லிபி எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை. சூரியனின் செயல்பாடும் பூமியின் காந்தப்புலமும் மாற மாற, உற்பத்தியும் கூடிக் குறைந்தது. இதைக் கண்டுபிடித்தது மரவளையங்களால். வளையங்களை எண்ணினால் ஒவ்வொரு வளையத்தின் ஆண்டும் உறுதியாகத் தெரியும். கலிபோர்னியாவின் பிரிசில்கோன் பைன், ஜெர்மனியின் ஓக் போன்ற மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று இணைத்து 12,000 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு வளையத்திலும் கார்பன்-14 அளந்து, உண்மையான ஆண்டுக்கும் கார்பன் ஆண்டுக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைந்தார்கள். 2020-இல் வெளியான இன்ட்கால்20 என்ற வளைகோடு 55,000 ஆண்டு வரை போகிறது. அதன் பழைய பகுதிக்குக் குகைச் சுண்ணாம்புப் படிவுகள், ஏரி வண்டல், பவளம் ஆகியவை உதவின. ஆய்வுக்கூடம் தந்த எண்ணை இந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால்தான் கி.மு. ஆண்டு கிடைக்கும்.

அந்தக் கோடு நேராக இருந்தால் வேலை சுலபம். அது நெளிந்து நெளிந்து போகிறது. சில இடங்களில் சமதளமாகப் படுத்துவிடுகிறது. கி.மு. 800-லிருந்து 400 வரை அப்படி ஒரு நீண்ட சமதளம் உண்டு. ஹால்ஸ்டாட் மேடை என்பார்கள். அந்த 400 ஆண்டுகளுக்குள் எப்போது செத்த பொருளாக இருந்தாலும் முதல் எண் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். எவ்வளவு துல்லியமான கருவியும் அங்கே திணறும். தமிழகத் தொல்லியலில் மிக அதிகமாக வாதம் நடப்பது இந்த நூற்றாண்டுகளைப் பற்றித்தான் என்பது வருத்தமான ஒற்றுமை. கீழடிக்குச் சொல்லப்படும் கி.மு. 580-உம் இந்த மேடைக்குள் விழுகிறது, பொருந்தலின் கி.மு. 490-உம் விழுகிறது. இந்த இரண்டையும் வைத்து எது 90 ஆண்டு மூத்தது என்று சண்டை போடுவதில் பொருளில்லை. மேடைக்குள் எழும் கேள்வியை ஒரே ஒரு மாதிரியால் தீர்க்க முடியாது. அடுக்கடுக்காகப் பல மாதிரிகள் எடுக்க வேண்டும்.

அதனால்தான் விடை ஓர் ஆண்டாக இல்லாமல் ஒரு வீச்சாக வருகிறது. "இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையில் இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்பதுதான் ஆய்வுக்கூடம் உண்மையில் சொல்வது. மயிலாடும்பாறைக்குச் சொல்லப்படும் 2172 அப்படிப்பட்ட வீச்சின் நடு மதிப்பு. செய்தியில் வீச்சு உதிர்ந்துபோய் நடு எண் மட்டும் நிற்கிறது. படிப்பவருக்கு அது ஏதோ பிறப்புச் சான்றிதழில் எழுதிய ஆண்டு போலத் தோன்றிவிடுகிறது.

ஒரு ஊரின் வரிசையைக் கட்டுவது

மயிலாடும்பாறையிலிருந்து வெளியான முக்கிய எண்கள் இரண்டு. வாழிடக் குழியில் 104 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்த மாதிரிக்கு கி.மு. 1615. 130 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 2172. முதலில் கவனிக்க வேண்டியது: ஆழமாக இருப்பது பழையதாக வந்திருக்கிறது. சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் இது பெரிய விஷயம். மண் கலைந்திருந்தால் இந்த வரிசை தலைகீழாகலாம். எலி வளை வழியாகக் கரி கீழே விழும். பிற்காலத்தில் யாரோ குழி வெட்டிக் குப்பை கொட்டியிருப்பார்கள். ஏர் ஓட்டியதில் மேல் மண் புரண்டிருக்கும். தொல்லியலாளர் குழியின் பக்கச் சுவரில் மண்ணின் நிறமும் தன்மையும் மாறும் கோடுகளை வரைந்து வைப்பது இதற்காகத்தான். அந்தக் கோடு வெட்டுப்படாமல் போகிறதா, கரி கிடந்த இடம் அடுக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு மாதிரி தவறலாம். வரிசையாகப் பல மாதிரிகள் ஒன்றையொன்று ஆமோதித்தால் நம்பலாம்.

இரண்டாவது எண்ணுக்குக் கீழே கதை முடிந்துவிடவில்லை. காலம் கணித்த மட்டத்துக்கும் கீழே இன்னும் 25 செ.மீ. வாழிடப் படிவு இருந்தது. அதை வைத்துத்தான் தமிழ்நாட்டில் புதிய கற்காலத்தின் கடைக்கட்டம் கி.மு. 2200-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்று தொல்லியல் துறை சொன்னது. கருப்பு-சிவப்புப் பானை இரும்புக்காலத்தில்தான் வந்தது என்று நினைத்திருந்தோம், அது புதிய கற்காலத்தின் கடைக்கட்டத்திலேயே தோன்றிவிட்டது என்பதும் இந்த அடுக்குகளிலிருந்து கிடைத்த முடிவு.

இங்கே ஒரு தவறான கணக்கு மனதில் தோன்றும். 104-க்கும் 130-க்கும் இடையே 26 செ.மீ., அதற்கு 557 ஆண்டு. அப்படியானால் கீழே உள்ள 25 செ.மீ.-க்கும் ஏறக்குறைய அதே அளவு ஆண்டைக் கூட்டி, கி.மு. 2700 என்று சொல்லிவிடலாமே? முடியாது. மண் ஒரே வேகத்தில் சேர்வதில்லை. ஜனங்கள் நெருக்கமாக வாழ்ந்தால் குப்பையும் சாம்பலும் இடிந்த மண்சுவரும் சேர்ந்து சில தலைமுறைகளில் அரை அடி ஏறும். ஊரைக் காலி செய்துவிட்டுப் போனால் நூறு ஆண்டுக்கு ஒரு விரற்கடைகூட ஏறாது. மலையடிவாரம் வேறு. ஒரே பெருமழையில் மேலிருந்து மண் அரித்து வந்து படியலாம், இருந்த மண்ணை அடித்துக்கொண்டும் போகலாம். துறையின் அறிக்கை "2200-க்கு முன்" என்று நிறுத்திக்கொண்டது சரியான அடக்கம்.

ஓர் ஊரின் வரிசையைப் பக்கத்து ஊர்களோடு வைத்துப் பார்ப்பது அடுத்த படி. இப்போதைய திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறையின் எஸ்.ஆர். ராவ் 1960-களில் தோண்டினார். புதிய கற்கால மக்கள் தரையில் குழி வெட்டி, அதற்கு மேல் கூரை போட்டு வாழ்ந்த தடயங்கள் அங்கே வெளிவந்தன. கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மாதிரி என்றால் கைப்பிடி கரி தேவைப்பட்ட காலம் அது. இன்று அதே தானியத்தில் ஒரு மணி போதும். தருமபுரிக்கு அருகே மோதூர், பென்னாகரம் பக்கம் பெரும்பாலை, ஊத்தங்கரைப் பக்கம் சென்னானூர் என்று மாநிலத் தொல்லியல் துறை ஒவ்வோர் ஊராகத் தோண்டிவருகிறது. இவை ஒவ்வொன்றிலும் அடுக்கு அடுக்காகக் காலம் கணித்து, ஒன்றோடொன்று பொருத்தினால், தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் முதலில் குடியேறியவர்கள் யார், இரும்பு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்ற படம் தெளியும். மண்ணடுக்கின் வரிசையையும் கார்பன் வீச்சுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு வீச்சைச் சுருக்கும் கணினி நிரல்கள் இப்போது உண்டு. கீழடுக்கு மேலடுக்கைவிட மூத்தது என்ற ஒரு விவரத்தைச் சேர்த்தாலே சில நூறு ஆண்டு வீச்சு பாதியாகிவிடுவதும் உண்டு.

கரியே கிடைக்காத இடத்தில் ஓ.எஸ்.எல். என்ற முறை இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று அது சொல்லும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் இரும்புக்கால அறிக்கை வெளியானபோது சிவகளைக்குக் கி.மு. 3345 வரையான எண்கள் வந்தன. அந்த அறிக்கையில் கார்பன் முறையையும் ஓ.எஸ்.எல். முறையையும் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். முற்றிலும் வேறான இரண்டு முறைகள் கிட்டத்தட்ட ஒரே காலத்தைச் சொன்னால் பலம் கூடும்.

கடைசியாக, நம் ஆட்கள் செய்யக்கூடியது. எங்கள் மாவட்டங்களில் ஏர் ஓட்டும்போது கற்கோடாரி அகப்படுவது புதிதல்ல. பல ஊர்களில் அவற்றை மரத்தடியில் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தப் பக்திதான் எத்தனையோ கோடாரிகளை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் மண்ணிலிருந்து பெயர்த்து எடுத்த நிமிடமே அதன் காலம் சொல்லும் வழி அறுந்துவிடுகிறது. கல்லுக்கு வயது பார்க்க முடியாது, பக்கத்தில் கிடந்த கரியோ ஏர்க்கொழுவில் புரண்டு போய்விட்டது. கிரானைட் வெட்டும் இடங்களில் இழப்பு இன்னும் பெரிது. கற்திட்டையின் பலகைக்கல் போனால் கண்ணுக்குத் தெரியும், அடியில் இருந்த ஒரு சிட்டிகைக் கரி போனது யாருக்கும் தெரியாது.

கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ சாம்பல் நிற மண், பானை ஓடு, கருகிய தானியம் எல்லாம் சேர்ந்தாற்போல் தென்பட்டால் அந்த இடத்தில் மட்டும் மண்வெட்டியை நிறுத்துங்கள். கழுவ வேண்டாம், பொறுக்கிப் பையில் போட வேண்டாம். குழியின் பக்கச் சுவரோடு சேர்த்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். மேலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தையும் அளவையும் கிராம நிர்வாக அலுவலரிடமோ, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ, தருமபுரி அகழ்வைப்பகத்திலோ கொண்டுபோய்க் காட்டலாம்.